மலையில் மழை பிடித்தால்...



திண்டுக்கல் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், தோழிகளோடு மலையேறப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். ஐப்பசி அடைமழை நேரமாயிற்றே என்றால், "நனைஞ்சா என்னம்மா, ஒரு ஜலதோஷம்தானே பிடிக்கும்?" என்கிறாளாம். இதற்கு என்ன பதில் சொல்ல என்று கேட்கிறார்.

ஜலதோஷத்தோடு போனால் நல்லதுதான். ஆனால் மலைக்குளிர் அதோடு நிற்பதில்லை. நம் உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. டாக்டர்கள் இதை 'ஹைப்போதெர்மியா' என்கிறார்கள். இதற்குப் பனி கொட்டவேண்டும் என்பதே இல்லை. நனைந்த துணி, வீசும் காற்று, வெறும் வயிறு, களைப்பு ஆகிய நாலும் சேர்ந்துகொண்டால் 10 டிகிரிக் குளிரே போதும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி சூடு குறையும் என்பதை நினைவில் வையுங்கள். அடிவாரத்தில் வியர்க்கிறதே என்று ஸ்வெட்டரை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

2024 ஜூன் தொடக்கத்தில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். உத்தராகண்டில் சகஸ்ரதால் ஏரிக்கு 22 பேர் குழுவாகப் போனார்கள். பெரும்பாலோர் கர்நாடகத்துக்காரர்கள். 4,000 மீட்டருக்கு மேலே பனிப்புயலில் அகப்பட்டுக்கொண்டார்கள். 9 பேர் திரும்பவில்லை. நம் ஊரில் அப்போது மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது!

இமயம் வரை போவானேன்? சில வருஷங்களுக்கு முன் கொடைக்கானலில் நான் நேரில் பார்த்ததையே சொல்கிறேன். எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர், வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். டால்பின் நோஸ் பாறையைத் தாண்டியதும் மஞ்சு மூடிக்கொண்டது. மழையும் காற்றும் பின்னாலேயே வந்தன. இளவட்டங்கள் முன்னே ஓடிவிட்டார்கள். மாடிவீட்டு அக்கா மட்டும் கடைசியில். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஸ்வெட்டர் பொத்தானைப் போடப் பார்க்கிறார், விரல் சொன்னபடி கேட்கவில்லை. "என்னக்கா செய்யுது?" என்றேன். "ஒண்ணு...மில்ல..." என்று நாக்குக் குழறியது.

வழிகாட்டியாக வந்த தம்பி ஒரு பார்வை பார்த்தான். "கீழ போக வேணாம்மா, திரும்பிருவோம்" என்றான்.

முன்னே போனவர்களுக்குக் கோபம். "இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பறதா? அக்கா இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். நாங்க போயிட்டு வந்து கூட்டிக்கிறோம்" என்றாள் ஒருத்தி.

"உட்கார வச்சா விறைச்சுப் போவாங்கக்கா" என்றான் தம்பி, சத்தம் போடாமல். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

திரும்பினோம். வழியில் ஒரு பெட்டிக்கடை. அக்காவின் ஈரத் துணிகளைக் களைந்து, துடைத்து, பிளாஸ்டிக் பைக்குள் காய்ந்திருந்த என் மாற்றுத் துணியை உடுத்தினோம். கம்பளியைச் சுற்றினோம். இரண்டு பக்கமும் இரண்டு பேர் அணைத்தபடி உட்கார்ந்தோம். சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான டீயை, வாய்வாயாகக் குடிக்க வைத்தோம். முக்கால் மணி நேரத்தில், "எனக்கு ஏண்டி இந்தப் பச்சைக் கலரை மாட்டினீங்க?" என்று அக்கா கேட்டாரே பார்க்கலாம்! அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அப்புறம் அக்காவை முன்னே விட்டு, அவர் நடைக்கே எல்லாரும் ஏறினோம்.

அந்தத் தம்பி கண்ட அடையாளங்களை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் நடுக்கம். பிறகு விரல் தடுமாறும், பேச்சுக் குழறும், கால் இடறும். காரணமில்லாத எரிச்சலும் வரும். நடுங்கியவர் சூடேறாமலேயே நடுக்கம் நின்று சோர்ந்துவிட்டால், "சரியாகிவிட்டது" என்று எண்ணாதீர்கள். நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். உடனே 108-க்குச் சொல்லுங்கள். அவரை நடக்க விடாதீர்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கை கால்களைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. சூடு முதலில் சேரவேண்டியது மார்புக்கும் அக்குளுக்கும்தான். பிராந்தி கொடுத்தால் சூடேறும் என்பது தப்பு. அது உள்சூட்டை இன்னும் வெளியே விரட்டும்.

இனி மகளின் பைக்கு வருவோம். பருத்தித் துணி வீட்டுக்கு உத்தமம். மலை மழைக்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ஆகவே கம்பளி ஸ்வெட்டர், மழைக்கோட்டு, தலைக்குக் குல்லாய், பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு ஜோடி மாற்றுத் துணி, டார்ச். கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை கொடுத்தனுப்புங்கள். பசிப்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னவேண்டும்.

ஓடைகளிலும் கவனம் வேண்டும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீர்க் காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைக் குடித்தது. மேலே எங்கோ பெய்த மழை, கீழே வெள்ளமாக வரும். தண்ணீர் கலங்கினாலோ, இரைச்சல் மாறினாலோ கடக்காமல் மேட்டில் காத்திருக்கவேண்டும்.

கூட்டிப் போகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வனத்துறை அனுமதி வாங்கியாயிற்றா? வானிலை கெட்டால் எந்த இடத்திலிருந்து திரும்புவீர்கள்? வரிசையில் கடைசியாக வரும் பெண்ணோடு யார் வருவார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சட்டென்று பதில் வந்தால் தைரியமாக அனுப்புங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால், தை பிறக்கட்டும். மலை எங்கேயும் போய்விடாது.