இரண்டாயிரம் ரூபாய் முதலும் செல்போன் சீட்டு மேசையும்

(நமது திருப்பதி நிருபர்)

திருமலைக்குப் பகடை புதிதல்ல. ஏழுமலையான் இரவில் இறங்கி வந்து ஹாதிராம் பாவாஜியுடன் பகடை ஆடினார் என்ற கதையை மலைக்கு வந்து போகிறவர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே சுவாமி விட்டுச் சென்ற ஆரத்தால் பாவாஜியின் மேல் திருட்டுப் பழி விழுந்தது, யானை வந்து கட்டுக்கட்டாகக் கரும்பைத் தின்று அவரைக் காப்பாற்றியது என்று கதை போகிறது. அவர் பெயரால் அமைந்த மடத்தின் மகந்துகள்தான் 1843 முதல் 1933 வரை கோயில் நிர்வாகத்தை நடத்தினார்கள். அந்தப் பகடை ஆட்டத்தில் நடுவில் உட்கார்ந்து யாரும் கமிஷன் எடுத்ததாகக் கதையில் இல்லை. இங்கே நாம் பேசப் போவது அந்தக் கமிஷனைப் பற்றித்தான்.

சென்ற மாதம் ஒரு நாள் என் வேலை நேரம் முடிந்து கவுண்டரை மூடும்போது, ரயிலடிக்கு அருகே லாட்ஜில் கணக்கெழுதும் தம்பி ஒருவர் வந்து நின்றார். ஆரணிப் பக்கத்துக்காரர். கையில் நாற்பது பக்க நோட்டு. "சார், நீங்க கணக்குப் பார்க்கிறவர். இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். பிரித்தால், செல்போனில் போக்கர் ஆடி இரண்டாயிரம் ரூபாயை ஓராண்டில் இருபதாயிரம் ஆக்கும் திட்டம்! இருக்கும் பணத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எந்த மேசைக்கும் எடுத்துப் போகக் கூடாது. நாலாயிரம் ஆனால் அடுத்த பெரிய மேசை. பாதியாகக் குறைந்தால் ஒரு படி கீழே. கோடு போட்டு, தேதி போட்டு, அழகாகவே எழுதியிருந்தார். "சார், இது சூதாட்டம் இல்லை, கணக்கு" என்றும் சொன்னார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. காரணம், அந்த விதி சரியான விதிதான்.

போக்கர் அறியாத வாசகர்களுக்குச் சுருக்கமாக: கையில் இரண்டு சீட்டு, மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம். நல்ல சீட்டு எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. எவ்வளவு தேர்ந்தவனும் தொடர்ந்து பத்து நாள் தோற்கலாம். ஆகவே, முதல் அழியாமல் கெட்ட காலத்தைத் தாண்டுவதுதான் முதல் வேலை. அதற்கு வழி, கையிருப்புக்கு மிகச் சிறிய மேசையைத் தேர்ந்தெடுப்பது. 2000-ஆம் ஆண்டு உலகப் போக்கர் பந்தயத்தின் தலைமைப் போட்டியில் வென்ற அமெரிக்கர் கிறிஸ் பெர்குசன், 2006-இல் இதை உலகறியச் செய்து காட்டினார். கையில் ஒரு காசும் இல்லாமல், கட்டணமில்லாப் போட்டிகளில் தொடங்கினார். சாதாரண மேசைக்குக் கையிருப்பில் நூற்றுக்கு ஐந்து, பெரிய போட்டிகளுக்கு நூற்றுக்கு இரண்டு என்று வரம்பு வைத்துக்கொண்டார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் பத்தாயிரம் டாலர் சேர்த்தார். நம் தம்பியின் நோட்டில் இருந்தது இந்த வைத்தியம்தான். எங்கேயோ கேட்டு எழுதியிருக்கிறார்.

ஆனால், கதையின் பின்பாதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெர்குசன் இதை ஆடியது புல் டில்ட் போக்கர் என்ற நிறுவனத்தில். அதன் பங்குதாரர்களில் அவரும் ஒருவர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அந்த நிறுவனத்தின் மீதும் வேறு இரண்டு நிறுவனங்களின் மீதும் நடவடிக்கை எடுத்தது. கணக்கைப் பார்த்தபோது, ஆடியவர்களுக்குத் தர வேண்டிய பணம் சுமார் 39 கோடி டாலர் என்றும், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர்தான் என்றும் அமெரிக்க நீதித் துறை நீதிமன்றத்தில் சொன்னது. சிக்கனமாக, விதி பிசகாமல், ஐந்து சதவீதத்துக்கு மேல் மேசைக்கு எடுத்துப் போகாமல் ஆடியவன் பணமும் அதில் மாட்டிக்கொண்டது. போட்டி நிறுவனமான போக்கர் ஸ்டார்ஸ் 2012-இல் சொத்துகளை வாங்கிக் கடனை ஏற்றதால்தான் மீண்டது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு முதல் தவணை வந்தது 2014 பிப்ரவரியில். மேசைக்குப் போனது நூற்றுக்கு ஐந்து. மிச்சத் தொண்ணூற்றைந்தும் அடுத்தவன் கல்லாவில்தான் இருந்தது.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். நாட்டில் இந்த ஆட்டங்கள் பகிரங்கமாக நடந்த கடைசி இரண்டு ஆண்டுகளில், அதாவது 2023 அக்டோபர் 1 முதல், உள்ளே போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. தம்பியின் இரண்டாயிரத்தில் வரி போனால் ஆட்டத்துக்கு மிஞ்சுவது 1,562 ரூபாய் 50 காசு. முதல் சீட்டு விழுமுன்பே 437 ரூபாய் 50 காசு நஷ்டம். (சில நிறுவனங்கள் அந்தத் தொகைக்குச் சலுகைப் புள்ளிகள் கொடுத்து ஈடுகட்டின என்பதையும் சொல்ல வேண்டும்.) அவருடைய விதிப்படி இருபதில் ஒரு பங்கு 78 ரூபாய். கட்டாயப் பந்தயம் ஒரு ரூபாயாக உள்ள மேசைக்கு வழக்கமாக நூறு ரூபாயோடு உட்காருவார்கள். அதற்கே முதல் போதவில்லை.

போதும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு மேசையில் ஆறு பேர். மணிக்கு 60 ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணம் சராசரி 12 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு ஐந்து. ஆட்டத்துக்கு 60 காசு, மணிக்கு 36 ரூபாய் கமிஷனாகப் போகிறது. ஆறு பேர் மேல் பங்கிட்டால் தலைக்கு ஆறு ரூபாய். மற்றவர்களை விட மணிக்கு ஆறு ரூபாய் அளவு நன்றாக ஆடினால்தான் தோற்காமல் எழுந்திருக்க முடியும். இதையும் தாண்டி, கமிஷன் போக நூறு ஆட்டத்துக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கிறவர் அந்த மேசையில் நல்ல ஆட்டக்காரர். அவருக்கு மணிக்குக் கிடைப்பது மூன்று ரூபாய். வரியில் போன 437 ரூபாயை மீட்கவே 146 மணி நேரம் ஆட வேண்டும். ராத்திரி இரண்டு மணி நேரம் கண் விழித்தால் 73 ராத்திரி. லாபம் வந்தாலும், 2023 ஏப்ரலிலிருந்து நிகர வெற்றிக்கு 30 சதவீத வருமான வரி. நம்மைப் போன்ற சம்பளக்காரருக்குரிய விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. மூன்று ரூபாய் இரண்டு ரூபாய் பத்துக் காசாகிறது. தொழிலாக ஆடுகிறவர்கள் ஒரே நேரத்தில் நாலைந்து மேசை ஆடி இதைச் சரிக்கட்டுவார்கள். பெரிய திரையும் முழு ராத்திரியும் வேண்டும் அதற்கு.

பெரிய மேசைக்குப் போனால் கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு, பந்தயத்தோடு ஒப்பிட்டால் அது சிறிதாகும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தொழில்காரர்கள். சிறிய மேசையில் எதிராளி ஏமாளி, கமிஷன் கூடுதல். பெரிய மேசையில் கமிஷன் குறைவு, ஏமாளி நாம். சிறு முதல்காரன் எந்த மேசையைத் தேர்ந்தாலும் அவனுக்கு இடுப்பில் ஒரு குத்து உண்டு. ரம்மி மேசைகளில் கமிஷன் நூற்றுக்குப் பத்து, பதினைந்து வரை போனதால் அங்கே கரைவது இன்னும் வேகம்.

கமிஷன் விஷயம் நீதிமன்றத்துக்கும் பழையது. சிகந்திராபாத் கிளப் ஒன்றின் மீது ஆந்திர அரசு நடத்திய வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். கிளப்போ வீட்டுக்காரரோ அந்த ஆட்டத்தில் லாபம் பார்த்தால் குற்றம் வரலாம் என்று அதே தீர்ப்பு சொன்னதைப் பலர் விட்டுவிட்டார்கள். செல்போன் நிறுவனங்கள் பிழைத்தது அந்த லாபத்தில்.

அதன் பிறகு நடந்த சட்ட விளையாட்டை நம் சித்தூர் எல்லையில் இருப்பவர்களைப் போல யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஆந்திர அரசு 2020-இல் தன் 1974-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி ஆன்லைன் ரம்மி, போக்கரைத் தடை செய்தது. நடத்துகிறவருக்கு மட்டுமின்றி ஆடுகிறவருக்கும் ஆறு மாதம் சிறை என்று அமைச்சரவை அப்போது அறிவித்தது. தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தள்ளியது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அந்த நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று தடுக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. கர்நாடகச் சட்டம் 2022 பிப்ரவரியிலேயே விழுந்திருந்தது. ஆக, பங்காருப்பேட்டையில் ஆடலாம், குப்பத்தில் குற்றம், ஜோலார்பேட்டையில் மறுபடி ஆடலாம். மூன்றும் ஒரே ரயில் பாதை! வண்டி குப்பம் தாண்டும் வரை போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்த ஒரு பயணியோடு நானே வந்திருக்கிறேன். எல்லை கடந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டியது மத்திய சட்டம். 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவை, 21 அன்று மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அதில் இல்லை. பணம் வைத்து ஆட வைக்கும் நிறுவனத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு, ஐம்பது லட்சம். வங்கிகள் பணம் கடத்தித் தரக் கூடாது. ஆடுகிறவரை இச்சட்டம் தண்டிக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே பண ஆட்டத்தை மூடின. எதிர்த்து வந்த வழக்குகளைச் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. சுமார் 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்திருப்பதாக அரசின் மதிப்பீடு. தலைக்குப் பார்த்தால் ஐந்நூறுகூட வராது. இதுவா ஆபத்து என்று தோன்றும். இருபது ரூபாய் விட்டவனையும் வீட்டை விட்டவனையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் சராசரி அப்படித்தான் வரும்.

உள்நாட்டு நிறுவனங்களை மூடினால் ஜனங்கள் வெளிநாட்டுக் கள்ளக் கடைகளுக்குப் போவார்கள் என்று நிறுவனங்கள் சொன்ன வாதத்தை நான் அப்போது சுயநல வாதம் என்றே நினைத்தேன். தம்பியைப் பார்த்த பிறகு, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். "எல்லாம் மூடியாச்சே தம்பி, எங்கே ஆடப் போகிறீர்?" என்று கேட்டேன். டெலிகிராமில் ஒரு குழு இருக்கிறதாம். அதில் ஒரு லிங்க். அலுவலகம் எந்த நாட்டில் என்று தெரியாது. வரி கிடையாது, கமிஷன் பாதி, முதல் ஐந்நூறுக்கு ஐந்நூறு இனாம். கணக்குப் போட்டால், நான் மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் அங்கே இல்லை. அதனால்தான் அவர் நோட்டில் லாபம் வந்தது!

"இதுவரை பணம் போட்டீரா?"

"மூணு தடவை சார், மொத்தம் ஐந்நூறு ரூபாய். பார்க்கத்தான்."

போனை வாங்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் பணம் போனது மூன்று தனி மனிதர்களின் பெயருக்கு. ஒருவர் பெயர் வடநாட்டுப் பெண் பெயர். வங்கிகள் இவர்களுக்குக் கதவடைத்துவிட்டதால், ஏழை எளியவர்களின் கணக்கை வாடகைக்குப் பிடித்து அதில் பணம் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில் வேறு யாரோ ஏமாந்த பணமும் வந்து விழும். ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்ததும், அந்தப் பணம் சென்ற வழியிலுள்ள கணக்குகளைப் போலீஸ் நிறுத்தச் சொல்லும். ஜெயித்த எண்ணூறு ரூபாய் இப்படி ஒரு கணக்கிலிருந்து உமக்கு வந்தால், உம்முடைய சம்பளக் கணக்கும் அந்த வரிசையில் நிற்கும். புகார் கொடுத்தது எந்த மாநிலமோ, அந்த மாநிலப் போலீசுக்கு எழுதிப் போட்டு, வங்கிக்கு நடந்து, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப ஒரே ஒரு கணக்கு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு, தோற்பதை விட ஜெயிப்பது பெரிய ஆபத்தாக முடியலாம். கணக்கை மாதம் இவ்வளவு என்று வாடகைக்குக் கேட்டு லாட்ஜ்களிலும் ஓட்டல்களிலும் ஆள் வந்து போகிறார்கள் என்றும் தம்பி சொன்னார். கொடுத்தவர் வழக்கில் சிக்கிக்கொள்வார் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இதையெல்லாம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, போட்ட ஐந்நூறைத் திரும்ப எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்று அங்கேயே விண்ணப்பம் போட்டார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: பணத்தை விடுவிக்க முதலில் முந்நூறு ரூபாய் 'வரி' கட்ட வேண்டுமாம். இப்போது கொடுத்திருந்த பெயர் நாலாவது.

தம்பி என்னைப் பார்த்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, நாலு பெயரையும், பணம் போன தேதிகளையும், தொகையையும் எழுதி வைக்கச் சொன்னேன். மறுநாள் அவர் தன் வங்கிக்குப் போனார்.