ஆம்னியா, ஈக்கோவா? முதல்ல ஆர்.சி.யைப் பாருங்க

உங்க வீட்லயும் இந்தப் பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கலாம். எங்க வீட்ல மூணு மாசமா ஓடுது. நாங்க ஏழு பேர். ரெண்டு பைக் இருக்கு, ஆனா ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒவ்வொரு தடவையும் ஆட்டோதான். புது கார் வாங்கற அளவுக்குக் கையில காசு இல்ல. அதனால செகண்ட் ஹேண்ட் வேன். அதுல ரெண்டே சாய்ஸ்: மாருதி ஆம்னி, மாருதி ஈக்கோ.

அப்பா ஆம்னி கட்சி. அவர் சொல்றதும் நியாயம்தான். விலை கம்மி. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிட்டு வேலை பார்ப்பார். சின்னத் தெருவுலயும் திரும்பிடும். 1984-ல 'மாருதி வேன்'னு வந்து, 1988-ல ஆம்னின்னு பேர் மாறி, 2019 வரைக்கும் ஓடுன வண்டி. ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், சினிமாவுல ஆளைக் கடத்தற வேன் எல்லாமே அதுதான்.

ஈக்கோ 2010-ல வந்தது. அதுக்கு முன்னாடி 2001-ல வெர்சான்னு ஒண்ணு விட்டாங்க. அமிதாப் பச்சனையும் அபிஷேக் பச்சனையும் விளம்பரத்துல நடிக்க வெச்சும் அது விற்கல. அதே உடம்பை எளிமையாக்கி, 1.2 லிட்டர் இன்ஜினைப் போட்டு, விலையைக் குறைச்சுக் கொண்டு வந்ததுதான் ஈக்கோ.

பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ரெண்டுலயும் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில, பவர் பின் சக்கரத்துக்கு, பக்கத்துக் கதவு சறுக்குக் கதவு. ஆனா ஸ்பெக் ஷீட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆம்னி நீளம் 3370 மி.மீ., ஈக்கோ 3675. வித்தியாசம் 305 மி.மீ., சரியா ஒரு அடி. வீல்பேஸ் 1840-க்கு 2350. அதாவது ஆம்னியில முன் சக்கரம் டிரைவர் சீட்டுக்குக் கீழ இருக்கு, டிரைவரோட கால் சக்கரத்துக்கும் முன்னாடி நீட்டிட்டு இருக்கு. ஈக்கோவுல சக்கரம் கதவுக்கு முன்னாடி போயிடுச்சு, அதுக்கு மேல குட்டியா ஒரு மூக்கும் இருக்கு.

அந்த மூக்கு என்ன பண்ணும்? ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க. மணிக்கு 50 கி.மீ. வேகத்துல போற வண்டி எதுலயோ மோதி 0.3 மீட்டர் நசுங்கி நிக்குதுன்னா, உள்ள இருக்கறவங்க மேல விழற சராசரி டிசெலரேஷன் சுமார் 33 ஜி. நசுங்கற தூரம் 0.6 மீட்டர்னா அது பாதியாகி 16 ஜி-க்கு வந்துடும். நிஜ விபத்து இதைவிடச் சிக்கலானது, ஆனா கணக்கோட திசை மாறாது. நசுங்க இடம் இல்லாத வண்டியில நசுங்கறது நம்ம முழங்கால்.

"நாம என்ன ஹைவேல பறக்கவா போறோம்? கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தானே"ன்னு அப்பா கேட்டார். நாம பறக்க வேணாம்ப்பா, எதிர்ல வர்றவன் பறந்தா போதும். மணவாள நகர்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் போற ரோட்டைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், ஷிப்ட் முடிஞ்சு தூக்கக் கலக்கத்துல வர்ற பைக். எல்லாத்துக்கும் நடுவுலதான் நம்ம ஓட்டை வேனும் போகணும்.

அப்போ ஈக்கோன்னு கண்ணை மூடிட்டு வாங்கிடலாமா? அங்கதான் நானும் ஏமாந்திருப்பேன். 2016-ல குளோபல் என்கேப் ஈக்கோவை மோதிப் பார்த்துச்சு. ஏர்பேக் இல்லாத அந்த வண்டிக்குப் பெரியவங்க பாதுகாப்புல கிடைச்சது பூஜ்யம் ஸ்டார். ஒரு அடி மூக்கு உதவும், ஆனா அது மட்டும் காப்பாத்தாது.

அதனால என் கருத்து இது: மாடல் பேரை வெச்சு சண்டை போடாதீங்க, ஆர்.சி.யில இருக்கற தயாரிப்பு மாசம், வருஷத்தைப் பாருங்க. 2019 ஜூலையில இருந்து எல்லா கார்லயும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். 2022 ஜனவரியில இருந்து பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம். 2019 அக்டோபர்ல மோதல் பரிசோதனை விதி பழைய மாடல்களுக்கும் வந்தது. ஆம்னி அந்த வருஷமே நின்னு போச்சு, ஈக்கோ தாண்டி வந்துச்சு. 2017 ஈக்கோவும் 2020 ஈக்கோவும் வெளியில ஒண்ணுதான், உள்ள வேற வேற வண்டி. ஐம்பதாயிரம் கூடக் கேட்டாலும் நான் ரெண்டாவதுக்குத்தான் போவேன். சீட் எண்ணிக்கை, பெயின்ட், சீட் கவர் எல்லாம் அப்புறம்.

இன்னும் சில விஷயம். ஏழு சீட் ஈக்கோவுல ஏசி வராது, கம்பெனி சிஎன்ஜியும் வராது. அது ரெண்டும் அஞ்சு சீட்லதான். (2025-ல ஆறு ஏர்பேக் வந்தப்போ ஏழு சீட்டையே எடுத்துட்டு ஆறு சீட் ஆக்கிட்டாங்க.) ஏழு பேர் போகணுமா, ஏசி வேணுமான்னு வீட்ல முதல்லயே பேசி முடிச்சிடுங்க. கேஸ் கிட் இருந்தா ஆர்.சி.யில ஏறியிருக்கான்னு பாருங்க. வீட்டு சிலிண்டர்ல ஓடற ஆம்னி எவ்வளவு மலிவா வந்தாலும் தொடாதீங்க. முன்னாடி பெரிய இரும்பு பம்பர் மாட்டியிருந்தா கழட்டச் சொல்லுங்க, அது மோதற விசையை நேரா சேஸிஸுக்குக் கடத்தும். 15 வருஷம் நெருங்கற வண்டின்னா எஃப்.சி., மறுபதிவு செலவையும் விலையோட கூட்டிக்கோங்க.

அப்பா இன்னும் முழுசா ஒத்துக்கல. ஆனா அந்த 33 ஜி கணக்கை நோட்டுல போட்டுக் காட்டினப்போ, "முன்னாடி உட்கார்றது நானும் உங்கம்மாவும்தானே"ன்னு மட்டும் சொன்னார். ஆமாப்பா, அதுக்காகத்தான் இந்தச் சண்டையே.

வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு வண்டி பார்க்கப் போறோம். விலை கேட்கறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைக் காட்டச் சொல்லப் போறேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க.