கத்தரிக் குடும்பமும் இடம் மாறிய அச்சமும்

கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், குடைமிளகாய், சுண்டைக்காய் ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவர நூலார் அதனைச் ‘சொலனேசி’ என்பர். தமிழில் கத்தரிக் குடும்பம் எனலாம். மணத்தக்காளியும் தூதுவளையும் இதனைச் சார்ந்தனவே. புகையிலையும் ஊமத்தையும் இதனுள் அடங்கும் என்பதே பலரைத் திகைக்கச் செய்கிறது. அதன் பொருட்டுக் கத்தரியையும் தக்காளியையும் அறவே விலக்குவோர் உளர். இவ்வச்சம் இடம் மாறிய அச்சம் என்பது எமது கருத்து.

பூவின் அமைப்பையும், இக்காலத்தில் மரபணுக்களையும் கொண்டே தாவரக் குடும்பங்கள் வகுக்கப்படுகின்றன. நச்சுத் தன்மையைக் கொண்டு அன்று. பெயரை நம்பினும் பயனில்லை. மிளகாய்க்குப் பெயர் ஈந்த மிளகு வேறு குடும்பத்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கோ வள்ளைக்கீரைக்கு உறவு, உருளைக்கிழங்கிற்கு அன்று. அறிஞர்களே இவ்வுறவுகளில் இணங்கியதில்லை. 1753-இல் லின்னேயஸ் தக்காளியை உருளைக்கிழங்கின் பேரினத்தில் சேர்த்தார். அடுத்த ஆண்டே மில்லர் அதனைப் பிரித்தார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மரபணு ஆய்வுகள் அதனை மீண்டும் பழைய இடத்திற்கே கொணர்ந்தன. இத்தனை மாற்றங்களாலும் தக்காளிப் பழத்தின் குணம் சிறிதும் மாறவில்லை!

ஒரே செடியிலும் உறுப்புக்கு உறுப்பு தன்மை வேறுபடும். உருளைக்கிழங்குச் செடியின் இலையும் காயும் நச்சுடையவை. மண்ணுள் விளையும் கிழங்கு நல்லுணவு. ஆனால் அக்கிழங்கே ஒளியில் கிடந்தால் தோல் பச்சையாகிறது. அப்பச்சையம் தீங்கற்றது. எனினும் அதே ஒளி, தோலிலும் அதன் அடியிலும் சோலனைன் முதலிய நச்சுப் பொருள்களைப் பெருக்குகிறது. முளைகளிலும் அவை மிகுதி. கிலோகிராமுக்கு 200 மில்லிகிராம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. வேகவைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை என்பதை இல்லத்தார் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். 1969-இல் இலண்டனில் ஒரு பள்ளியில், முந்தைய பருவத்தில் எஞ்சிய கிழங்கைச் சமைத்து உண்ட 78 சிறுவர் நோயுற்றனர். 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நல்வாய்ப்பாக அனைவரும் பிழைத்தனர்.

நம் நாட்டில் உத்தரப் பிரதேசமும் மேற்கு வங்காளமும் பெருமளவில் விளைவிக்கும் கிழங்கு, அறுவடைக்குப் பின் பல மாதம் குளிர்பதனக் கிடங்குகளின் இருளில் பாதுகாக்கப்படுகிறது. 1949-இல் பாட்னாவில் தொடங்கிப் பின்னர் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், விதைக்கும் சேமிப்புக்கும் அரும்பணி ஆற்றியுள்ளது. இவ்வளவு பேணிய பொருளைச் சில்லறைக் கடையில் வெயிலிலும் விளக்கொளியிலும் நாள் கணக்கில் குவித்து வைக்கிறோம்! ஒளி ஊடுருவும் பைகளில் அடைத்து விற்பது இன்னும் கேடு. ஒரு சாக்கினால் மூடுவதற்குச் செலவு யாது? பச்சைக் கிழங்கை மலிவு விலைக்குத் தள்ளிவிடும் வழக்கத்தையும் அங்காடி அதிகாரிகள் தடுத்தல் வேண்டும். அதனை வாங்குவோர் பெரும்பாலும் ஏழைகளே.

விதைக்கிழங்கின் நிலை வேறு. மிதமான ஒளியில் வைத்து அதனைப் பச்சையாக்குவது உழவர் அறிந்த நன்முறையே. முளை குட்டையாகவும் உறுதியாகவும் அமையும். நடவுக்குப் பின் எஞ்சிய அக்கிழங்கு மட்டும் சந்தைக்கு வருதல் கூடாது.