பூ வாடிடுச்சா? செடியைத் தூக்கிப் போடாதீங்க!

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, சிவப்புப் பூவுக்கு ஆசைப்பட்டு ஒரு புரோமிலியாட் செடி வாங்கினார். சில மாதங்களில் பூ காய்ந்ததும், தொட்டியோடு குப்பைக்குக் கொண்டுபோனார். நிறுத்தி அடியில் பார்த்தால், இரண்டு குட்டிச் செடிகள்!

இது அன்னாசிக் குடும்பத்துச் செடி. ஒருமுறைதான் பூக்கும், பிறகு மெல்லக் காயும். ஆனால், வாழையைப் போல பக்கக்கன்று விட்டுவிட்டுத்தான் போகும். தாய்ச்செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்ததும் கன்றைப் பிரித்து நடலாம். சின்னத் தொட்டியில், தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் கலந்து போட்டால் போதும்.

எங்கே வைப்பது?
காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் நல்லது. உச்சிவெயில் இலையைக் கருக்கிவிடும்.

என்ன தண்ணீர்?
இலைகளுக்கு நடுவே உள்ள குழியில் ஊற்ற வேண்டும். தருமபுரிப் பக்கம் பல வீடுகளில் உப்புள்ள போர் தண்ணீர்தான். அதையே ஊற்றினால் இலையில் வெள்ளைப் படலம் படியும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

கொசு கவனம்!
அந்தக் குழியில் தேங்கும் நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடலாம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அலட்சியம் வேண்டாம். வாரம் இருமுறை செடியைச் சாய்த்து, பழைய நீரைக் கொட்டிக் கழுவி, புதுநீர் ஊற்றுங்கள்.

அக்கா வீட்டு ஜன்னலில் இப்போது இரண்டு தொட்டிகள். பூக்க ஓரிரு வருடங்கள் ஆகலாம். காத்திருக்கிறார்!