சைக்கிள் கறைக்குத் தண்ணிதான் பகை

சோபாவுல சைக்கிள் கிரீஸ் பட்டுடுச்சா? முதல்ல கையில இருக்கற தண்ணிச் சொம்பைக் கீழ வைங்க. ஈரத்துணி வேண்டாம், சோப்புத் தண்ணி வேண்டாம், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். பட்ட இடத்துல ஒரு பிடி முகப்பவுடரைக் கொட்டிட்டு உங்க வேலையைப் பாக்கப் போங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

பூ விலை, தென்னைக்கு உரம், போர்ல தண்ணி இறங்கிப்போன கதைன்னு எழுதறவன், இன்னிக்கு என்ன சோபாவுக்கு வந்துட்டான்னு நினைப்பீங்க. காரணம் இருக்கு.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு சென்னை போயிருந்தேன். தங்கச்சி மக வீட்லதான் ரெண்டு நாள் தங்கல். மூணாவது மாடி. ஹால்ல சந்தனக் கலர் சோபா, அதுல கை வைக்கிற இடத்துல கறுப்பா ஒரு தீற்றல், அதைச் சுத்தி தட்டு அகலத்துக்கு மங்கலா ஒரு வட்டம். பால்கனியில பையனோட சைக்கிள் நின்னுச்சு. மேல பழைய பெட்ஷீட்டைப் போத்தி, கம்பியோட சேத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்க.

"ஏம்மா, சைக்கிளைக் கட்டிப் போட்டிருக்கியே, அது என்ன முட்டுற மாடா?"ன்னேன்.

"அத ஏன் மாமா கேக்கறீங்க. கீழ வச்சா திருடு போயிடும்னு ஹால்ல வச்சோம். இவன் சோபாவுல சாத்தி வச்சுட்டான். எவ்வளவோ தேச்சுப் பாத்தாச்சு, போகவே இல்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம், இனிமே சைக்கிளே வேண்டாம்னு."

பையனுக்குப் பத்து வயசு. ரெண்டு நாளும் அவன் தலை நிமிர்ந்து நான் பாக்கல, போனுக்குள்ளயே இருந்தான். எனக்கு அந்தக் கறை பெருசாத் தெரியல. ஒரு கறைக்காகப் பிள்ளையோட சைக்கிளைக் கட்டிப் போட்டதுதான் பெருசாத் தெரிஞ்சுது. அதுவும் அந்த வட்டம் இருக்கே, அது சைக்கிள் போட்டது இல்ல. வீட்ல இருந்தவங்க ஈரத்துணியால தேச்சுத் தேச்சுப் போட்டது.

செயின்ல இருக்கற அந்தக் கறுப்பு என்னன்னு தெரிஞ்சாத்தான் எடுக்கற வழி தெரியும். அந்தக் காலத்துல மாட்டு வண்டி இருசுக்கு மை போடுவாங்க. வைக்கோலை எரிச்ச கரியும் விளக்கெண்ணெயும் கலந்ததுதான் வண்டி மை. சைக்கிள் செயின்ல நாம யாரும் கரி கலக்கறது இல்ல, தானாக் கலந்துக்குது. போட்ட எண்ணெயில ரோட்டுப் புழுதி ஒட்டும். செயினும் பல்சக்கரமும் உரசித் தேயற இரும்புத்தூள் அதுல சேரும். ஆக, கறையில ரெண்டு பங்கு இருக்கு. ஒண்ணு எண்ணெய், இன்னொண்ணு அந்த எண்ணெய் பிடிச்சு வச்சிருக்கற தூள். எண்ணெயைக் கழட்டாம தூள் வராது. எண்ணெய்க்கும் தண்ணிக்கும் ஒட்டாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா கறையைக் கண்டதும் எல்லாரோட கையும் குழாய்க்குத்தான் போகுது. தண்ணி விட்டுத் தேய்க்கத் தேய்க்க, இருந்த கறுப்பு அக்கம்பக்கத்து நூலுக்கெல்லாம் பரவும். அதுலயும் சுடுதண்ணி, இஸ்திரிப்பெட்டி ரெண்டும் மோசம். சூடு பட்டா எண்ணெய் நூலுக்குள்ள ஆழமா இறங்கி உக்காந்துக்கும்.

எங்க புதுக்கோட்டைக்காரங்களுக்கு இந்தக் கறையோட பழக்கம் ஜாஸ்தி. 1990-களோட தொடக்கத்துல இங்க அறிவொளி இயக்கம் நடந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரா இருந்தாங்க. எழுத்துக் கத்துக் குடுத்ததோட நிக்காம பொம்பளைங்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கத்துக் குடுத்தாங்க. ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க. கல்குவாரியில வேலை பாத்தவங்க, அங்கன்வாடி டீச்சருங்க, கிராமத்து நர்ஸுங்கன்னு எல்லாரும் ஓட்டினாங்க. லேடீஸ் சைக்கிள் போதலைன்னு ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினவங்களும் உண்டு. எங்க வீட்டுக்காரம்மாவும் அப்பக் கத்துக்கிட்டதுதான், மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்த சைக்கிள்ல. அதுக்கு செயின் கவரும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

சேலை கட்டிக்கிட்டு அந்த மாதிரி சைக்கிள் ஓட்டினா என்ன ஆகும்? கொசுவத்தோட அடியில கறுப்புப் பட்டை விழும். ரெண்டு சேலை, மூணு சேலைதான் இருக்கும், அதுல ஒண்ணு போச்சுன்னா பெரிய நஷ்டம்தான். "சேலையெல்லாம் மையாக்கிட்டு வர்றா பாரு, இவளுக்கு எதுக்கு சைக்கிளு"ன்னு வீட்டுல பேச்சும் விழும். அந்தப் பேச்சுக்குப் பயந்து அவங்க சைக்கிளை விட்டிருந்தா இன்னிக்கு எங்க ஊர்ல விடியக்காலையில கூடை கட்டிக்கிட்டு பூ மார்க்கெட்டுக்குப் போற பொம்பளைங்க பாதிப்பேர் நடந்துதான் போகணும். அவங்க விடல. கொசுவத்தைத் தூக்கிச் செருகக் கத்துக்கிட்டாங்க, கறையை எடுக்கவும் கத்துக்கிட்டாங்க. நான் கீழ சொல்றது பூராவும் எங்க வீட்டுக்காரம்மா கை பண்ற வேலை. நான் பக்கத்துல நின்னு பாத்தவன், அவ்வளவுதான்.

துணின்னா இப்படி. மேல கட்டியா கிரீஸ் நின்னா ஸ்பூனோட முதுகால வழிச்சு எடுக்கணும், உள்ள அழுத்தக் கூடாது. அப்புறம் பவுடர். முகப்பவுடர் இல்லைன்னா மைதா, அதுவும் இல்லைன்னா நைஸா சலிச்ச அரிசிமாவு. கடலைமாவு வேண்டாம், மஞ்சள் பூத்துப்போகும். அரைமணி நேரம் கழிச்சுத் தட்டி விட்டா மாவே கறுத்து வரும். எண்ணெய் மாவுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். இன்னொரு தடவை போடலாம்.

அடுத்து, துணியைத் திருப்பி, கறை பட்ட பக்கம் கீழ வர்ற மாதிரி ஒரு பழைய வெள்ளைத் துணி மேல விரிக்கணும். பின்பக்கத்துல இருந்து நீலகிரித் தைலத்தை நாலு சொட்டு விட்டு ஒத்தி ஒத்தி எடுத்தா, கறுப்பு கீழ இருக்கற துணிக்கு இறங்கிடும். முன்னெல்லாம் இதுக்கு மண்ணெண்ணெய்தான். இப்ப அது எங்க கிடைக்குது? தைலம்தான் சளிக்குன்னு எல்லா வீட்லயும் இருக்கே. கறை பழசாகிக் காஞ்சு போயிருந்தா, முதல்ல ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி இளக விடணும். எண்ணெய்க் கறைக்கு எண்ணெயான்னு சிரிக்காதீங்க. பலாப்பழம் அறுக்கும்போது கையில ஒட்டற பாலை எதால எடுக்கறோம்? அந்தக் கணக்குதான்.

அதுக்கப்புறம்தான் சோப்பு. துணி சோப்பு இல்ல, பாத்திரம் விளக்கற சோப்பு. பாத்திரத்துல ஒட்டின எண்ணெயை எடுக்கறதுக்குன்னே பண்ணினது அது. தண்ணி தொடாம, காஞ்ச கறை மேலயே பூசி, கால்மணி நேரம் ஊற விட்டு, விரலால லேசா கசக்கி அலசணும். அலசின துணியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. நிழல் மாதிரி மிச்சம் தெரிஞ்சா வெயில்ல போடாம, இஸ்திரி போடாம, மறுபடியும் முதல்ல இருந்து வாங்க. ரெண்டாம் தடவையில பெரும்பாலும் போயிடும். பருத்தி சீக்கிரம் விட்டுக் குடுக்கும். பாலியஸ்டர் பிடிவாதக்காரன், எண்ணெயை விடவே மாட்டான். பட்டுன்னா பவுடரோட நிறுத்திக்கிட்டு டிரை கிளீனிங்ல குடுத்து, "இது சைக்கிள் எண்ணெய்"னு வாய் திறந்து சொல்லிடுங்க. சொல்லாமக் குடுத்தா அவங்க என்னன்னு நினைச்சு எதைப் போடுவாங்களோ.

பிளீச்சிங் பவுடர் இதுக்கு உதவாது. அது நிறத்தைத்தான் எடுக்கும், எண்ணெயை எடுக்காது. கடைசியில கறை இருக்கும், கலர் இருக்காது. பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்.

எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டா போகும்னு ஒரு பேச்சு இருக்கு. அது வேற கறைக்கு. சைக்கிள்ல இருந்து ரெண்டு விதமான கறை வரும். செயின்ல இருந்து வர்றது எண்ணெய். கேரியர், மட்கார்டுல மழையில நனைஞ்சு வர்ற பழுப்பு இருக்கே, அது துரு. துருவுக்கு எலுமிச்சை கேக்கும், எண்ணெய்க்குக் கேக்காது. கறுப்பா பழுப்பான்னு பாத்துட்டுக் கையை வைங்க.

இப்ப சோபாவுக்கு வருவோம். சோபாவைத் தூக்கிக் கல்லுல போட முடியாது. உள்ள இருக்கற ஸ்பாஞ்சு எதைக் குடுத்தாலும் குடிச்சு வச்சுக்கும். அதனால இங்க பொறுமைதான் பாதி வேலை. ஜிப் வச்ச உறையா இருந்து, தோய்க்கலாம்னு உள்ள சீட்டுல போட்டிருந்தா கழட்டிக்கிட்டு மேல சொன்னபடியே பண்ணுங்க. கழட்ட முடியாத சோபான்னா ராத்திரி படுக்கப் போகும்போது பவுடரைக் கனமாக் கொட்டி, அப்படியே விட்டு, காலையில மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால தள்ளி எடுங்க. வேக்குவம் இருந்தா இன்னும் நல்லது. கறை வெளுக்கற வரைக்கும் ரெண்டு மூணு ராத்திரி இதையே பண்ணலாம். அதுக்கப்புறம் பாத்திர சோப்புத் திரவத்தைக் கொஞ்சமா எடுத்து, நல்லா நுரை வர்ற மாதிரி அடிச்சு, நுரையை மட்டும் துணியில தொட்டு ஒத்தணும். தண்ணி உள்ள போகக் கூடாது. வெளி ஓரத்துல இருந்து நடுவுக்கு வரணும், நடுவுல இருந்து வெளிய போனா வட்டம் விழுந்துடும். கடைசியா, நல்லாப் பிழிஞ்ச ஈரத்துணியால நுரையை ஒத்தி எடுத்துட்டு ஃபேனைப் போட்டு விடுங்க. தைலத்தை சோபாவுல விடாதீங்க, ஸ்பாஞ்சுக்குள்ள போச்சுன்னா வாடை லேசுல விடாது. எதைச் செஞ்சாலும் முதல்ல சோபாவுக்குப் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு தடவை செஞ்சு பாத்துக்குங்க, சாயம் போகுதான்னு. ரெக்சின் சோபா வச்சிருக்கறவங்க புண்ணியவான்கள். உடனே பாத்துட்டா ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய், அப்புறம் சோப்புத் துணி, முடிஞ்சுது.

இவ்வளவும் பண்ணின பிறகும் லேசா ஒரு சாம்பல் நிழல் நிக்கலாம். அந்த இரும்புத்தூள் அப்படித்தான். நின்னா நிக்கட்டுமே! பிள்ளை இருக்கற வீட்ல சோபா ஷோரூம்ல இருந்த மாதிரியே இருக்கணும்னு நினைக்கறதுதான் எனக்குப் புரியல. வாங்கும்போதே சந்தனக் கலரு, அது மேல உக்காரக் கூடாது, சாப்பிடக் கூடாது, சாத்தக் கூடாது. எங்க வீட்டுத் திண்ணையில எத்தனை சைக்கிள் சாத்தின தழும்பு இருக்கு தெரியுமா? உங்களுக்குத் திண்ணை இல்ல, அதனால ஹாலுக்குள்ள வருது. அது உங்க தப்பும் இல்ல, சைக்கிள் தப்பும் இல்ல. சாத்தற இடத்துல ஒரு பழைய சாக்கை விரிச்சு, செயின் இருக்கற வலது பக்கம் சுவரைப் பாத்த மாதிரி நிறுத்தினா, பாதிப் பிரச்சனை முடிஞ்சுது.

மீதிப் பாதி செயின்லயே இருக்கு. இப்ப பிள்ளைங்களுக்கு வர்ற குண்டு டயர் சைக்கிள் பலதுல முழு செயின் கவர் கிடையாது. செயின் சத்தம் போட்டா கடையில கொண்டுபோய் விடுறோம். சில கடையில பைக்ல இருந்து இறக்கின பழைய இன்ஜின் ஆயிலை ஒரு டப்பாவுல வச்சிருந்து சளக்குன்னு ஊத்தி விட்டுடறாங்க. அது ஏற்கனவே கறுப்பு. வழிஞ்சு நிக்கற எண்ணெய்க்குப் புழுதின்னா விருந்து. செயினுக்கு எண்ணெய் வேண்டியது உள்ள, ஒவ்வொரு கண்ணிக்கு நடுவுல. வெளிப்பக்கம் எண்ணெய் நின்னு ஒரு பிரயோஜனமும் இல்ல, துணியில ஒட்டறதைத் தவிர. தையல் மெஷின் எண்ணெய் சின்ன பாட்டில்ல கிடைக்கும். பெடலைப் பின்னால சுத்திக்கிட்டே கண்ணிக்கு ஒரு சொட்டு. பத்து நிமிஷம் விட்டு, காஞ்ச துணியால செயினை இறுக்கிப் பிடிச்சு, மறுபடி பெடலைச் சுத்தினா வெளிய இருக்கறதெல்லாம் துணிக்கு வந்துடும். ஓடுற செயின் விரலுக்கு ஆபத்து, மெதுவாச் சுத்தணும். பத்து வயசுப் பையன் பக்கத்துல பெரியவங்களை வச்சுக்கிட்டு இதைத் தானே பண்ணலாம். பண்ணவும் வைக்கணும். கறையைப் பூசுறது ஒருத்தர், துவைக்கறது எப்பவும் அம்மான்னு இருந்தா, அந்த அம்மா சைக்கிளைக் கட்டிப் போடத்தான் செய்வாங்க. அவங்க கோவத்துல நியாயம் இருக்கு. கோவத்தைச் சைக்கிள் மேல காட்டினதுதான் எனக்கு ஒப்பல.

எங்க பக்கம் பதினோராம் வகுப்புல அரசாங்க சைக்கிள் வாங்கற பொம்பளைப் பிள்ளைங்க சுடிதார் பேண்ட்டோட வலது காலை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கிட்டுப் போகும்ங்க. அதைப் பாத்து யாரும் சிரிக்கறது இல்ல. உங்க அபார்ட்மெண்ட்லயும் ஒரு ரப்பர் பேண்ட் கிடைக்காமலா போகும்?

தங்கச்சி மகளுக்கு இதையெல்லாம் கிளம்பற அன்னிக்குச் சொல்லிட்டு வந்தேன். "நீங்க ஒரு ஆளு மாமா"ன்னு சிரிச்சா. பவுடர் போட்டாளா, பெட்ஷீட்டைப் பிரிச்சாளான்னு இன்னும் கேக்கல.

ஒண்ணு விட்டுப்போச்சு. தைலமோ மண்ணெண்ணெயோ தொட்ட துணியை வாஷிங் மெஷின்ல போட்டுடாதீங்க, தீப்பிடிக்கும். துடைச்ச எண்ணெய்த் துணியையும் சுருட்டி அடுப்புப் பக்கம் போட வேண்டாம். வெளிய கொடியில விரிச்சுக் காய விடுங்க, வாடை போனப்புறம் கையால அலசிக்கலாம்.