ஆட்டு உரோமமும் மண்வளமும்

பிரிட்டன் பாராளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில், அவைத் தலைவர் அமர்வதற்கெனச் செந்நிறத் துணி போர்த்த அகன்ற இருக்கை ஒன்று உண்டு. அதனுள் அடைக்கப்பட்டிருப்பது பஞ்சன்று, ஆட்டு உரோமம். உரோம வாணிகத்தால் நாடு செழித்ததை நினைவூட்டவே, 14-ஆம் நூற்றாண்டில் அவ்வழக்கம் தோன்றிற்று என்பர்.

அத்துணைப் பெருமை பெற்ற உரோமத்தின் இன்றைய நிலை யாது? செயற்கை இழைகள் பெருகியதால் அதன் விலை வீழ்ந்தது. பெருந்தொற்றால் வாணிகம் முடங்கிய 2020-ஆம் ஆண்டில், கத்தரிக்கும் கூலிக்கும் விலை ஈடாகாமையால், பிரிட்டனில் உழவர் சிலர் அதனை எரித்தனர். கத்தரிக்காமல் விடவும் இயலாது. கோடையில் ஈ மொய்த்துப் புழு வைத்து ஆடுகளை வருத்தும்.

அதே நாட்டின் தோட்டங்களில், களையை அடக்கவும் ஈரத்தைக் காக்கவும் பிளாஸ்டிக் தாள் விரிக்கப்படுகிறது. வெயிலில் நைந்த தாள் துண்டு துண்டாகி மண்ணோடு கலக்கிறது, எளிதில் மக்குவதில்லை. ஒரு கையால் உரோமத்தை எரித்து, மறு கையால் பிளாஸ்டிக்கை விலைக்கு வாங்குவது அறிவுடைமை ஆகுமா?

உரோமம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ள வல்லது. அதனை அழுத்திப் பாயாக விரித்தால் மூடாக்காகும். குழித்து அமைத்தால் நாற்றுத் தொட்டியாகும். மெல்ல மக்கும்போது தழைச்சத்தும் கந்தகமும் பயிருக்குக் கிடைக்கும். இது புதுமையும் அன்று. யார்க்ஷயரில் வேக்பீல்டைச் சூழ்ந்த ஊர்களில் ரூபார்ப் என்னும் செடியைப் பயிரிடுவோர், கம்பளி ஆலைக் கழிவை நெடுங்காலம் எருவாக இட்டு வந்தனர்.

உரோமப் பாயின் விலை மிகுதி, பிளாஸ்டிக் தாளோ மலிவு என்பர் சிலர். உண்மையே. ஆயினும் கடையில் கொடுக்கும் பணம் மட்டுமே விலை ஆகாது. தாளைப் பெயர்த்து அகற்றும் கூலியும், மண்ணில் தங்கும் துணுக்குகளால் விளையும் கேடும் அக்கணக்கில் சேர வேண்டும். மண் வாய் திறந்து கேட்பதில்லை என்பதற்காக அதன் பங்கை மறைத்தல் முறையன்று.

மெல்லிய உரோமம் ஆடைக்குச் செல்க. முரட்டு உரோமமும் அழுக்குப் படிந்ததும் மண்ணுக்குச் செல்க. புல்லைத் தந்தது மண். அப்புல்லை மேய்ந்து உரோமத்தைத் தந்தது ஆடு. மண்ணினின்று வந்ததை மண்ணுக்கே அளித்தல் பொருளை வீணாக்குதல் அன்று. பட்ட கடனைத் தீர்த்தலே ஆகும்.