கூலிக்கு விற்ற வீரம்

விடுமுறை நாள்களில் வீட்டிலுள்ளோருடன் அமர்ந்து ஆங்கிலப் படம் பார்ப்பது எங்களில் பலருக்கு வழக்கம். அவ்வாறு எங்கள் வகுப்பு மாணவியர் சிலர் பார்த்து, பள்ளி திறந்ததும் ஓயாமல் பேசிய படம் 'தி டாக்ஸ் ஆஃப் வார்'. பிரடெரிக் ஃபார்சித் 1974-இல் எழுதிய நாவலைத் தழுவி 1980-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவில் ஸங்காரோ என்றொரு கற்பனை நாடு. அங்கே ஒரு கொடுங்கோலன் ஆட்சி. அந்நாட்டு மண்ணில் விலைமதிப்பற்ற பிளாட்டினம். அதன்மேல் ஆசை கொண்ட செல்வர்கள், தங்களுக்கு இசைந்த ஒருவனை ஆட்சியில் அமர்த்தக் கூலிப்படையை ஏவுகின்றனர்.

படம் விறுவிறுப்பானது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. இறுதித் தாக்குதலின்போது நாங்களும் கைதட்டினோம். ஆனால் பின்னர் ஒரு கேள்வி எங்களை உறுத்தியது. குண்டடிபட்டு வீழ்ந்த அந்தக் காவலாளியின் பெயர் என்ன? அவன் வீட்டில் அன்றிரவு யார் காத்திருந்தார்கள்? படம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"இது வெறுங்கதைதானே!" என்பீர்கள். இல்லை, தோழியரே! நம் தென்கோடிக்கு அப்பால், மாலத்தீவில், 1988 நவம்பர் 3-ஆம் நாள் இக்கதை உண்மையாகவே நடந்தது. அப்துல்லா லுதுஃபி என்னும் மாலத்தீவு வணிகர், அதிபர் மவ்மூன் அப்துல் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார். அவருக்குத் துணையாகப் படகேறி வந்தவர்கள் இலங்கையின் 'பிளொட்' இயக்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 80 பேர். ஆம், நம் மொழி பேசும் தமிழ் இளைஞர்கள்! தம் இனத்தின் விடுதலைக்கென்று ஆயுதம் ஏந்தியவர்கள், தமக்கு ஒரு தீங்கும் செய்யாத சின்னஞ்சிறு தீவின்மேல் பாய்ந்தார்கள்.

அதிபர் உதவி கோரினார். ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்தியப் படையினர் அன்றிரவே அங்கே இறங்கினர். கூலிப்படையினர் பணயக் கைதிகளுடன் ஒரு சரக்குக் கப்பலில் தப்பியோடினர். நடுக்கடலில் நம் கடற்படை அவர்களை மடக்கியது. அதற்குள் காவலர்களும் பொதுமக்களும் பணயக் கைதிகளும் உயிரிழந்திருந்தனர். திரைப்படத்தில் பெயரில்லாமல் வீழ்ந்தவர்களுக்கு இங்கே பெயர் இருந்தது, தாய் இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள். பிடிபட்ட இளைஞர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள் அன்றோ! ஏவியவர்களின் கணக்கில் இந்தக் கண்ணீர் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது?

"அப்படியானால் தீய ஆட்சியை யார்தான் அகற்றுவது?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கும் மாலத்தீவே விடை தருகிறது. 1978 முதல் ஆட்சி செய்த அதே கயூம், 2008-இல் நடந்த முதல் பலகட்சி அதிபர் தேர்தலில் மக்களிடம் தோற்றுப் பதவி விலகினார். துப்பாக்கியால் ஆகாததை இருபது ஆண்டுகளுக்குப் பின் வாக்குச்சீட்டு செய்து முடித்தது. அதில் காலம் பிடித்தது உண்மை. ஆனால் மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் அம்மண்ணின் மக்கள். கூலிக்கு வந்தவனோ யார் பணம் கொடுத்தானோ அவனுக்குத்தான் நாட்டைப் பிடித்துத் தருவான்.

கூலிப்படையினரை அமர்த்துவதும் பயிற்றுவிப்பதும் குற்றமென 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை உடன்படிக்கை கண்டது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். நம் கடமை சிறிது. ஆயினும் நம்மால் இயன்றது. அடுத்த முறை தம்பியருடன் இத்தகைய படம் பார்க்கையில், வெடியோசை அடங்கியதும் அந்த ஒரு கேள்வியை அவர்களிடம் கேட்போம்: "வீழ்ந்தவன் பெயர் என்ன?" அதைக் கேட்டுப் பழகிய பிள்ளையை எந்தச் செல்வனும் எளிதில் விலைக்கு வாங்கிவிட முடியாது.